வியாழக்கிழமை உறை

"சும்மா உள்ள போடுங்க புரொபசர். ஐஸ் இல்ல, நனையாது."

டார்லா நீட்டிய நீலநிற ஐஸ்பெட்டியில் ஆகஸ்ட் கண்காட்சிக்குக் கொண்டுபோன சோடாவின் வாசனை இன்னும் போகவில்லை. மெர்ல் ஹாகன் தயங்கித் தயங்கித் தன் கைப்பேசியை உள்ளே வைத்தார். டார்லா மூடியை அழுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கவர்னர் தேர்தலுக்கு இன்னும் பதிமூன்று நாள். வேட்பாளர் ரஸ்ஸல் டியூவெல்லின் பிரச்சாரத்தை நடத்துபவள் டார்லா. அவருக்காக ரகசியக் கருத்துக்கணிப்பு எடுப்பவர் மெர்ல்; ஒரு காலத்தில் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவர். வியாழன்தோறும் காலையில் ஒட்டிய உறையோடு வருவார். உள்ளே ஒரே ஓர் எண்: ரஸ்ஸல் ஜெயிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு.

அந்த எண்தான் திருடு போய்க்கொண்டிருந்தது.

இணையத்தில் தேர்தல் பந்தயச் சந்தை ஒன்று உண்டு. ரஸ்ஸல் ஜெயித்தால் ஒரு டாலர் தரும் சீட்டை அங்கே யாரும் வாங்கலாம், விற்கலாம். வியாழன் உறையில் 58 என்று வந்தால், புதன் இரவே அந்தச் சீட்டின் விலை 58 சென்ட்டாக இருந்தது. அடுத்த வாரம் 61, அங்கேயும் 61. ஆயிரம் பேர் காசு போடும் இடத்தில் கணக்கு தப்பாது என்று பத்திரிகைகள் சந்தையின் ஞானதிருஷ்டியைப் புகழ்ந்து தள்ளின.

டார்லாவுக்கு ஞானதிருஷ்டியில் நம்பிக்கை இல்லை. எண்ணை யாரோ விற்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் முன்பு லோயிஸை வேலையிலிருந்து அனுப்பினாள். இருபது வருடத் தோழி. புதன்தோறும் மெர்லுக்குப் போன் போட்டு உறையை நினைவூட்டியவள் என்பதைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. லோயிஸ் அழவில்லை, தன் காபிக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வந்த உறையில் 64. சந்தையிலும் 64.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

அதனால்தான் புதன் மதியமே மெர்லை வரவழைத்தாள், பதில் தாள்களோடு. அலுவலகத்தின் இணையக் கம்பியையும் பிடுங்கிவிட்டாள்.

"இங்கயே உக்காந்து கணக்கைப் போடுங்க. எண்ணை எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நாலு மணிக்கு ரஸ்ஸல் பேங்க்ல இருப்பார். அம்பதுக்கு மேலன்னா சோளக்காட்டை அடமானம் வெச்சு டிவி விளம்பரம் போடப் போறார். அவர்கிட்ட இருக்கிறதே அந்த நிலம்தான்."

"அறுவடை நேரம், டார்லா. எந்த விவசாயி போன் எடுக்கிறான்? எண்ணு கொஞ்சம் முன்னபின்ன..."

"போன வாரம் மட்டும் எடுத்தாங்களாக்கும்."

மெர்ல் தாள்கட்டை இழுத்துக்கொண்டார். கால்குலேட்டரில் எதையோ தட்டினார். அழித்தார். பெட்ரோல் பங்கில் வாங்கிய பீட்சா ஆறிப்போயிற்று, தொடவில்லை. வழுக்கையில் வேர்வை அரும்பியது. மூன்றே முக்கால் ஆனது. அவர் கண்கள் ஐஸ்பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தன.

"என்ன புரொபசர், கூட்டாளி காத்துக்கிட்டு இருக்கானா? எண்ணு போய்ச் சேரலைன்னா கோவிச்சுக்குவானா?"

"கூட்டாளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தச் சந்தையில நான் ஒரு சென்ட்கூட கட்டினதில்ல. என் பொண்ணு மேல சத்தியம்."

"அப்ப எண்ணைச் சொல்லிட்டுப் போங்க."

மேஜைத் தொலைபேசி மணியடித்தது. டார்லா எட்டி எடுத்தாள். வங்கியிலிருந்து ரஸ்ஸல்.

"பேனாவைத் திறந்து வெச்சிருக்கேன் டார்லா. எவ்வளவு வந்திருக்கு?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மெர்லைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"என் போனை எங்கிட்டத் தர வேண்டாம், டார்லா. பெட்டியை நீங்களே திறந்து, அதுல சந்தையில இன்னிக்கு என்ன விலைன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்களேன், வழக்கம்போல அதையே எழுதிக் குடுத்துடறேன்."