பாதி பாலிஷ், பாதி வாக்ஸ்

காரின் மூக்கிலிருந்து வால் வரை, நட்டநடுவில், செல்லத்துரை வெள்ளை டேப் ஒட்டினார்.

நிலம் அளக்க வந்த சர்வேயரைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

கோட்டுக்கு இடப்பக்கம், மச்சினன் ராஜசேகர் கொடுத்த பச்சை டப்பா பாலிஷ். வலப்பக்கம், மருமகன் கோகுல்நாத் கொடுத்த சிவப்பு டப்பா வாக்ஸ்.

வடகரப்பதியில் கார் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். காருக்குப் பாகப்பிரிவினை செய்தவர் அவர் ஒருவர்தான்.

வேறு வழியில்லை. மச்சினன் பாலிஷ் கம்பெனிக்கு ஏஜென்ட். மருமகன் கொழிஞ்சாம்பாறையில் கடை போட்டு வேறொரு கம்பெனி வாக்ஸ் விற்கிறவன். பொங்கலுக்கு வந்தவன், மாமனாரின் கறுப்புக் காரை முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த ஷாம்பூவை எவன் பூசினது என்று கேட்டான்.

பூசின ராஜசேகர் பக்கத்திலேயே நின்றிருந்தார். உன்னுடைய வாக்ஸ் செருப்புக்குத்தான் ஆகும் என்றார் அவர்.

ஒன்றின்மேல் மற்றொன்று பட்டால் பெயின்ட் பாளம் பாளமாக உரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அன்று கிளம்பிப் போன மருமகன் அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மகள் ஆர்த்தியையும் அனுப்பவில்லை. பெற்ற பெண் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை ஒரு காரின் பளபளப்பு முடிவு செய்தது. மனைவி இந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். செல்லத்துரை இரண்டு கம்பெனிகளையும் தனித்தனியாகத் திட்டினார்.

இன்று ஊரில் மாரியம்மன் நோம்பி, கோயில் திருவிழா. யார் யாரையோ தூது விட்டு, இருவரையும் வரச் சம்மதிக்க வைத்தாயிற்று.

தோள்பட்டை இற்றுப்போகும்வரை தேய்த்தார். இடக்கைத் துணி வலப்பக்கம் போகாமலும், வலக்கைத் துணி இடப்பக்கம் போகாமலும் பார்த்துக்கொண்டார். வாளையார் ரோட்டு லாரிகள் கிளப்பிய புழுதி மட்டும் பங்காளிச் சண்டை தெரியாமல் இரண்டு பக்கமும் வந்து படிந்தது. துடைத்தார்.

டேப்பை உரித்தார். மருமகன் ரோட்டுப் பக்கமிருந்து வருவான். மச்சினன் தென்னந்தோப்பு வழியாக வருவார். அவரவர் பங்கு அவரவர் கண்ணில் படும்படி காரை வாசலில் குறுக்காக நிறுத்தினார்.

இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

ஆர்த்தி தன் பையோடு நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். கோகுல்நாத் வலப்பக்கக் கதவருகே குனிந்து, அதில் தெரிந்த தன் மீசையை ஒதுக்கிக்கொண்டான்.

“இப்பத்தானுங்க மாமா, வண்டி வண்டியாட்ட இருக்குது!”

இடப்பக்கத்தில் ராஜசேகர் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். “மச்சான், ஈ வந்து உக்காந்தாக்கூட வழுக்கி உழுந்துரும் பாருங்க.”

செல்லத்துரை அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை தலையாட்டினார்.  இரண்டு பேரில் ஒருவர் காரைச் சுற்றி வந்தால் போதும், கதை முடிந்தது.

வரவில்லை. சுற்றி வந்தால் மற்றவன் மூஞ்சியில் விழிக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவரவர் பாதியோடே நின்றுவிடலாம் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவர்களுடைய பகைதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

கோகுல்நாத் நிமிர்ந்து, வேலியோரம் நிறுத்தியிருந்த தன் சிவப்புக் காரைக் காட்டினான். தென்னந்தோப்புப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

“நம்ம வண்டியப் பாருங்க மாமா. நம்ம வாக்ஸைத் தவிர வேற ஒரு சொட்டு அது மேல பட்டதில்லீங்க.”

உண்மையிலேயே மின்னியது. கோயில் தோரணமும், கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியும், கிடாயை இழுத்துக்கொண்டு போகிறவரும் எல்லாம் அதற்குள் தெரிந்தன. செல்லத்துரையின் கறுப்புக் கார் எந்தப் பாதியிலும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ராஜசேகர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இதெல்லாம் ஒரு பளபளப்பா மச்சான்? எண்ணெ வழியற மூஞ்சியாட்ட இருக்குது. நம்ம பாலிஷ் ஒருக்கா பட்டிருந்தா அதோட தலையெழுத்தே மாறியிருக்கும்.”

மருமகனின் காது சிவந்தது. வாய் திறப்பதற்குள், சாப்பாடு ஆறுகிறது, இலை போடலாம் என்று கத்திக்கொண்டே செல்லத்துரை சமையலறைக்கு ஓடினார்.

கதவருகே நின்றுவிட்டார். உள்ளே ஆர்த்தி குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“போன மாசம் நீ குடுத்தனுப்புன மாமனோட டப்பா தீந்துபோச்சும்மா. வாராவாரம் வண்டியத் தேய்க்கறது நாந்தானே? இவரு வாக்ஸ மட்டும் போட்டா திட்டுத் திட்டா நிக்குது. மொதல்ல மாமனோடதப் போட்டுத் தேச்சு, அதுக்கு மேல இவரோடதப் போட்டாத்தான் அந்த மினுமினுப்பு வருது. இவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

இந்து அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பச்சை டப்பாவை எடுத்தாள். ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு மகளின் பைக்குள் அடியில் வைத்தாள்.

அப்புறம்தான் கதவருகே நின்ற கணவரைப் பார்த்தாள்.

“மரமாட்ட நிக்காதீங்க. மேல வெச்சு மூடறதுக்கு அந்த முறுக்குப் பொட்டலத்த எடுங்க.”