பொத்தான் கட்சி

“டேப்லெட் வேண்டவே வேண்டாம் மேடம். பொத்தான் வச்ச ஜிபிஎஸ் கருவிதான் வேணும். இது சங்கத்தோட முடிவு” என்றார் டிரைவர் சங்கச் செயலாளர்.

“எந்தச் சங்கம்ணே? ஆறு டிரைவர்ல அஞ்சு பேரு டேப்லெட் கேக்குறோம். நீங்க ஒருத்தர்தான் சங்கமா?” என்றான் சுருட்டை.

டாக்டரின் அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

மலைக் குடியிருப்புகளுக்கு மருந்தும் நர்ஸும் கொண்டு போகிற ஜீப்புகள் அவை. ரோடு முடிகிற இடத்தில்தான் அவற்றுக்கு வேலையே தொடங்கும். ஒரு மழை பெய்தால் போன வாரத்துத் தடம் இந்த வாரம் இருக்காது. அதனால் வழிகாட்டும் கருவி வாங்கத் தலைமை அலுவலகம் சம்மதித்திருந்தது. எது வாங்கினாலும் ஆறு வண்டிக்கும் ஒரே மாதிரி.

தலைமை அலுவலகம் சும்மா எதையும் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. கருவியை இயக்கிக் காட்டத் தெரியாத டிரைவர் ஜீப்பிலிருந்து இறக்கப்பட்டு, மருந்துக் கிடங்கில் பெட்டி தூக்க அனுப்பப்படுவார்.

செயலாளர் எதற்காக மல்லுக்கட்டுகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கிறது. ஜீப்பை விட்டு இறங்க மனசில்லை.

டாக்டர் மேஜைமேல் கிடந்த இரண்டு மாதிரிகளையும் பார்த்தார். “இந்தச் சின்னக் கருவியோட திரை உள்ளங்கை அளவுகூட இல்லையே. ஓடை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது.”

“ஓடை முன் கண்ணாடி வழியாவே தெரியும் மேடம்.”

“டேப்லெட்ல முழு மலையையும் ஒரே பார்வையில பார்க்கலாம். டவர் இல்லாத இடத்துக்கும் முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வச்சுக்கலாம்.”

“வச்சுக்கலாம். உச்சி வெயில்ல ஸ்டீயரிங் பக்கத்துல மாட்டினா அரை மணி நேரத்துல கொதிச்சு அணைஞ்சிடும். அப்புறம் மடியில வச்சு விசிறிக்கிட்டுப் போகணும். இதுல டார்ச் லைட் பேட்டரி போட்டாப் போதும். மழையில நனையலாம், சேத்துல விழலாம்.”

“அண்ணன் குதிரை வண்டிக் காலத்து ஆளு மேடம்” என்றான் சுருட்டை. “கடிவாளம் நல்லதா, கருவி நல்லதான்னு கேட்டா கடிவாளத்துக்குக் கையைத் தூக்குவாரு. ஒருத்தரு பயத்துக்காக அஞ்சு பேரு பூச்சி மாதிரி இத்துணூண்டு திரையை உத்துப் பாக்கணுமா?”

மறுபடி சிரிப்பு. செயலாளர் அசையவில்லை.

“டேப்லெட் வந்தா நாளைக்கே வண்டியை நிறுத்துவோம்.”

“ஆறுல அஞ்சு ஓடும்” என்றான் சுருட்டை.

“ஒண்ணு நின்னாலும் அதுக்குப் பேரு வேலைநிறுத்தம்தான்.”

மழைக்காலம் வாசலில் நின்றது. ஒரு ஜீப் நின்றாலும் நாலு குடியிருப்புக்கு மருந்து போகாது. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தான் கருவிக்குக் கையெழுத்துப் போட்டார். தன் ஒரு இருக்கைக்காக ஐந்து பேர் ஆசையில் மண்ணைப் போட்ட மனிதரை அதன்பிறகு அவர் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை.

கருவிகள் வந்தன. டாக்டர் முன்னிலையில் ஆறு பேரும் இயக்கிக் காட்டித் தேறினார்கள். டிரைவர்கள் செயலாளரைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைத் தொட்டு வணக்கம் வைத்தார்கள்.

மூன்றாவது வாரம், வருகைப் பதிவேட்டைத் தேடிச் சங்க அறைக்குள் நுழைந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

செயலாளர் மடியில் ஒரு டேப்லெட். இரண்டு விரலால் மலையைப் பெரிதாக்கி, சுழற்றி, மண் சரிந்த தடத்தைச் சிவப்பில் குறித்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஆர்மோனியக்காரர் மாதிரி ஓடின.

“இது யாருது?”

“என்னுதுதான் மேடம். பொண்ணு வாங்கிக் கொடுத்தா. ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் சங்கத்துப் பேரைச் சொல்லி என்னை மிரட்டினது வெறும் வீம்புக்கா? இப்பவே எல்லாக் கருவியையும் திருப்பி அனுப்புறேன். டேப்லெட்டே வரட்டும்.”

செயலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“டாக்டரா கேட்டா ஒண்ணு சொல்வேன். அதிகாரியா கேட்டா, வீம்புதான்னு எழுதிக்குங்க.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “டாக்டராத்தான் கேக்குறேன்.”

“சுருட்டை இங்க வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் பேக்கரி அடுப்புல நின்னவன். சூட்டுத் தட்டை வெறுங்கையால இழுத்து இழுத்து, பத்து விரல் நுனியும் செத்துக் கிடக்கு. ஸ்டீயரிங் பிடிப்பான், கியர் போடுவான், பொத்தானை அமுக்குவான். கண்ணாடித் திரை மட்டும் அவன் விரலை விரலாவே மதிக்காது. பத்து தட்டு தட்டினா ஒரு தட்டுக்கு அசையும். உங்க முன்னாடி இயக்கிக் காட்டச் சொன்னா அன்னிக்கே கிடங்குதான். மலையில அவனை மாதிரி வண்டி ஓட்ட இங்க ஆள் கிடையாது.”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அவன்தானே டேப்லெட் வேணும்னு தொண்டை கிழியக் கத்தினான்?”

“என் பக்கம் நின்னிருந்தா ஏன்டான்னு கேட்டிருப்பீங்க. கையை நீட்டுன்னு சொல்லியிருப்பீங்க. அதான் எதிர்க்கட்சியில உக்கார வச்சேன்.”

“சரி, அதுக்காக உங்க வயசுக்குக்கூட மரியாதை இல்லாம அத்தனை பேர் முன்னாடி அப்படியா பேசுவான்?”

அத்தனை கேலிக்கும் அசையாத செயலாளரின் முகம் இப்போதுதான் வாடியது.

“நான் எழுதிக் கொடுத்ததுதான் மேடம். ஒரு பக்கம் முழுக்க நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி எழுதினேன். படுபாவி, நல்ல இடமெல்லாம் மறந்துட்டான்.”