வழி மறித்த பெண்

எம் பொண்ணுக்குக் குறுக்கே நந்தி மாதிரி போயிண்டிருந்தா அந்தப் பொண்ணு. ஒரு ரவுண்டுன்னா பொறுத்துக்கலாம். நாலாவது ரவுண்டுலேர்ந்து இதே கதைன்னா யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

சங்குமுகம் கடற்கரை ரோட்டுல பெண்கள் சைக்கிள் ரேஸ். போய்த் திரும்பி வந்தா ஒரு ரவுண்டு, மொத்தம் எட்டு. முதல் மூணு பேருக்குக் கேரளா டீம்ல இடம். எம் பொண்ணு மாளவிகா ரெண்டு வருஷமா நாலாவது, அஞ்சாவதுன்னு வந்துண்டிருக்கா. "இந்த வாட்டியும் இல்லேன்னா சைக்கிளைப் பரண்ல ஏத்திட்டு கவர்மென்ட் வேலைக்குப் பி.எஸ்.சி. கோச்சிங் போயிடணும்"னு அவ அப்பா கறாரா சொல்லிட்டார். அவளும் சரின்னு தலையாட்டிட்டா. ஆனா அன்னிக்குப் பூரா ஒரு வாய் சாப்பிடலை.

அதான் கரமனையிலேர்ந்து நானும் கூடவே கிளம்பி வந்துட்டேன். சத்தியமா சொல்றேன், சைக்கிள் ரேஸ் பாக்கறது எனக்கு இதுதான் முதல் தடவை. முன்னாடி போறவ ஜெயிப்பா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ரெண்டு பொண்ணுகள் எல்லாருக்கும் முன்னாடி எங்கேயோ போயிட்டா. மூணாவதா இந்தப் பொண்ணு, சிவப்புச் சட்டை. அவ பின்னாடியே ஒட்டிண்டு எம் பொண்ணு. இன்னும் பின்னாடி ஒரு கூட்டமே துரத்திண்டு வரது. சிவப்புச் சட்டையைத் தாண்டினா எம் பொண்ணுக்கு டீம். தாண்டலேன்னா பரண்.

அவ தாண்ட விட்டாத்தானே! மாளு கொஞ்சம் கடல் பக்கம் ஒதுங்கினா, அவளும் கடல் பக்கம் ஒதுங்கறா. நிமிஷத்துக்கொரு தரம் திரும்பித் திரும்பி வேற பாக்கறா, எம் பொண்ணு எங்கே முந்திடுவாளோன்னு.

பக்கத்துல கொடியோட நின்ன ஸ்ரீஜித்னு ஒரு வாலண்டியர்ட்ட, விசிலை ஊதி அவளைத் தள்ளிப் போகச் சொல்லப்பான்னேன். அது ஃபவுல் இல்லை சேச்சின்னு சிரிச்சான். அவ பேரு ஆர்ஷா, விதுரா ஊர்க்காரி, போன வருஷ சாம்பியனாக்கும்னு பெருமையா வேற சொன்னான். ஓஹோ, சாம்பியன்னா எது பண்ணினாலும் செரியா?

எனக்கு வாய் சும்மா இருக்குமோ? ரோட்டோரக் கயித்தைப் பிடிச்சுண்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் கத்தினேன்.

"ஏய் சிவப்புச் சட்டை! விலகிப் போடீ! மத்தவா வயித்துல அடிக்காதேடீ!"

எட்டாவது ரவுண்டு. கோட்டுக்கு இருநூறடி இருக்கறச்சே அந்த ஆர்ஷா சட்டுனு ஒதுங்கினா. எம் பொண்ணு அம்பு மாதிரி பாய்ஞ்சு போனா. மூணாவது! பின்னாடி துரத்திண்டு வந்த கூட்டம் ஆர்ஷாவை அப்படியே தாண்டிப் போயிடுத்து. அவ ஏழாவது.

கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னா? பகவான் கண்ணைத் தொறந்துட்டார்னு நினைச்சுண்டு ஓடினேன். மாளு சைக்கிளோட தரையில உக்காந்து அழுதுண்டிருந்தா. சந்தோஷத்துல அழறான்னு கட்டிண்டேன். ஆத்திரம் தீராம, அந்தச் சிவப்புச் சட்டைக்கு நன்னா வேணும்னு சொல்லிட்டேன்.

மாளு என் கையைத் தட்டி விட்டா.

"அம்மா, தெரியாம பேசாதே. அவ என்னை மறிக்கலை. கடல் காத்துல முன்னாடி போறவாளுக்குத்தான் பலம் எல்லாம் போகும். பின்னாடி ஒட்டிண்டு போனா பாதி பலம் போறும். நான் காத்துல மாட்டினப்போல்லாம் அவ நகர்ந்து வந்து காத்தை மறைச்சா. நான் பின்தங்கிட்டேனான்னுதான் திரும்பித் திரும்பிப் பாத்தா."

"உனக்கு எதுக்குடீ அவ செய்யணும்? உன் கிளப்பும் இல்லையே?"

"மூணாவது ரவுண்டுல அவ கியர் ஒயர் அறுந்துடுத்து. கடைசியில வேகம் எடுக்க முடியாதுன்னு அவளுக்கே தெரிஞ்சுடுத்து. இறங்கிப் போயிருக்கலாம். 'எனக்கு இனி இல்லை, நீயாவது போ, என் பின்னாடி ஒட்டிக்கோ'ன்னா. அஞ்சு ரவுண்டும்மா! தனியா வந்திருந்தா நான் பத்தாவதுகூட வந்திருக்க மாட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது. அஞ்சு ரவுண்டும் நான் கத்தினது அவ காதுல விழாமலா இருந்திருக்கும்?

தேடிண்டு போனேன். ஒரு மரத்தடியில, கால் ரெண்டையும் நீட்டித் தானே பிடிச்சு விட்டுண்டிருந்தா. அவகூட ஒருத்தரும் வரலை. நான் பக்கத்துல உக்காந்து அவ காலை எடுத்து மடியில வெச்சுண்டேன். பதறிப் போய் இழுத்துண்டா. நான் விடலை.

"தெரியாம வாய்க்கு வந்ததெல்லாம் கத்திட்டேன்டீ குழந்தே. எம் பொண்ணோட வாழ்க்கையையே கொடுத்திருக்கே. இதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவ என்னைப் பாத்துச் சிரிச்சா.

"விடுங்க ஆன்ட்டி. எங்க அம்மை வந்திருந்தா மட்டும் என்னவாம்? 'எம் பிள்ளைக்க முதுகுல ஒளிஞ்சுகிட்டு நோகாம வாறா பாரு'ன்னு, ரவுண்டுக்கு ரவுண்டு மாளுவை ஏசியிருப்பா."