இடது சிறகு

சிறகுகள் அடித்தன. தட்டான் எழும்பவில்லை.

மேசை மேல் இடப்பக்கமாகச் சாய்ந்து, அரை வட்டம் சுற்றி, கவிழ்ந்து படுத்துக்கொண்டது. மரிய ஜெரால்டு சுவிட்சை அணைத்தார். நிமிர்த்தி வைத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதே இடப்பக்கம், அதே கவிழ்ப்பு.

ஆய்வைப் பார்வையிட டெல்லியிலிருந்து வந்த குழுவில் மூன்று பேர். மூவரும் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள். பறந்தால் வேலை தொடரும், பறக்காவிட்டால் இன்றோடு மூடிவிட வேண்டியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

வருத்தம் தெரிவித்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்கள். காரைக்குடி வரை வந்துவிட்டு நல்ல சாப்பாடு சாப்பிடாமல் திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்?

ஜெரால்டு நாற்காலியில் சரிந்தார். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற அலுப்பு.

இத்தனை வருடமாக ஊருணிக் கரையில் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தட்டான் பார்த்தவர் அவர். இன்ஜினியரிங் படித்த மனுஷன் பூச்சி பிடிக்கிறான் என்று ஊரே சிரித்தது.

தட்டான் சிறகை மேலும் கீழும் மட்டும் அடிப்பதில்லை. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், தோசை திருப்புகிற கை மாதிரி, ஒரு திருப்புத் திருப்பிக்கொள்கிறது. மின்னி மின்னி அணையும் விளக்கின் கீழ் வைத்து அதைப் படம்பிடிக்கவே பாதிக் காலம் போயிற்று. அந்தத் திருப்பலை ஒரு பொம்மைக்குக் கற்றுக்கொடுக்க மீதிக் காலம். இரண்டாயிரமாம் வருடம் பிறப்பதற்குள் பறக்கும் என்று மனைவி வின்சியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாள்.

பொம்மை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பேட்டரியைத் தூக்கும் தெம்பு அதற்கு இல்லை. முடி மாதிரி ஒரு கம்பி வழியாகத்தான் மின்சாரம். ஒரு சிறகில் ஒரு சொட்டுப் பசை கூடிப்போனாலும் நொண்டும்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் அது பறந்தது. மேசையை விட்டு ஒரு முழம் எழும்பி அந்தரத்தில் நின்றது. பார்த்தது ஜெரால்டும், ஆய்வுக்கூடத்தில் ஃபிட்டராக இருக்கும் செம்மலையும்தான். செம்மலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெரால்டு பொம்மையைக் கண்ணாடி மூடிக்குள் வைத்துவிட்டு, பூஜைக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினார். பல வருடம் கழித்து அன்றைக்குத்தான் வின்சி அவரோடு சேர்ந்து சிரித்தாள்.

இன்று சாயங்காலம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பது?

செம்மலை உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது.

“நீங்க போனப்புறம் பூசை போட்டோம் சார். லேத்து, டிரில்லு எல்லாத்துக்கும் வச்சுட்டு, நம்ம தட்டானுக்கும் எடது றெக்கையில சந்தனப் பொட்டு ஒன்னு வச்சேன். அப்படியும் சாமி கைவிட்டுருச்சே. நான் எதுவும் குறை வச்சுட்டேனா?”

ஜெரால்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க என்னண்ணே குறை வச்சீக? மோட்டார்தான் காலை வாரிருச்சு. வாங்க, டீ குடிச்சுட்டு வருவோம்.”

செம்மலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார். முகம் கொஞ்சம் தெளிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

வருடா வருடம் செம்மலை கூடம் முழுக்கப் பொட்டு வைப்பார். ஜெரால்டின் மேசையை மட்டும் தொடமாட்டார். மாதா கோவிலுக்குப் போகிற மனுஷர், மனம் கோணிவிடக் கூடாது. பொரிகடலையைக்கூட அவருக்கென்று படையலுக்கு முன்னாலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவார். இந்த வருடம்தான், பறந்ததைக் கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷம் தாங்காமல், துணிந்துவிட்டார்.

விடுமுறை முடிந்து இன்று காலையில் குழு சூழ்ந்து நிற்க, கண்ணாடி மூடியைத் திறந்ததுமே ஜெரால்டு பொட்டைப் பார்த்துவிட்டார். காய்ந்த சந்தனம். நகத்தால் சுண்டினால் உதிர்ந்துவிடும். விரல் சிறகு வரை போனது.

வாசலில் செம்மலை கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அவர் கண் அந்தப் பொட்டின் மேலேயே இருந்தது.

ஜெரால்டு விரலை எடுத்து, சுவிட்சைப் போட்டார்.