ஹாய் குட்டீஸ்

டப்பிங் அறையின் திரையில் மலை உயர ரோபோ மண்டியிட்டிருக்கிறது. அதன் இரும்பு உள்ளங்கையில், செத்துப்போன தங்கையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் வகையில் வரும் புதிய தொடருக்கான அறிமுக விளம்பரம் இது. குரல் கொடுப்பவளின் கையிலிருக்கும் தாளோ, "ஹாய் குட்டீஸ், ஜாலியா சண்டை பார்க்க ரெடியா?" என்கிறது. குட்டீஸாம்! அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைக்கும் சத்தம் ஸ்பீக்கரில் சம்மட்டியாக விழுகிறது. "சாவு வீட்டுல கிச்சுகிச்சு மூட்டச் சொல்றீங்களா சார்?" சேனல் மேலாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சிரிக்கிறார். "பொம்மைப் படம்தானேம்மா, விடுங்க." தாள் அவள் கையில் கசங்குகிறது. மேலாளரின் பக்கத்தில் இருக்கும் ஒலிப்பதிவாளர், அவர் முகத்தைப் பார்க்காமலே பதிவைத் தொடங்குகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் மைக்கை நெருங்குகிறாள். "பெரியவங்களே, இது பொம்மைப் படம் இல்ல. பிள்ளைங்களத் தூங்க வெச்சுட்டு வந்து உட்காருங்க."