நடுவில் தூணில்லாத படி

அபுதாபியில் எழுபதுகளில் கட்டிய அந்த ஐந்து மாடிக் கட்டடத்தைப் பாதுகாப்பதா, இடிப்பதா என்று முடிவு செய்ய அகிலா மேடம் வந்திருந்தார்.

“வெறும் சிமென்ட் பெட்டி மாதிரிதானே இருக்கு?” என்றார்.

வாசலில் நின்றிருந்த வில்பிரட் ஓடி வந்தார்.

“என்ன மேடம் இப்படிச் சொல்லிட்டீங்க! இந்த வெயில் தடுப்பைப் பாருங்க, அத்தனையும் ஒரே வார்ப்பு. அந்த வளைவுப் படிக்கு நடுவுல தூணே கிடையாது. இப்ப யாரு இப்படிக் கட்டுறா?”

சுற்றிப் பார்த்த அகிலா அசந்துபோனார். ‘பாதுகாக்க வேண்டியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“எத்தனை வருஷமா இங்க குடியிருக்கீங்க?”

“குடியிருக்கல மேடம். இடிக்கிற மிஷின் ஓட்டுறவன் நான். எங்க அடிச்சா சீக்கிரம் விழும்னு மூணு நாளாப் பார்த்தேன். சைட் வேலை முடிஞ்சு ‘கலாஸ்’ ஆனாத்தான் லீவுன்னுட்டாங்க. திங்கக்கிழமை ஊர்ல மகளுக்குக் கல்யாணம். இப்ப கலாஸ்தானே மேடம்?”