நடுவில் கைதட்டக் கூடாது

செத்தவீடுகளுக்கென்று வைத்திருந்த கறுப்புக் கழுத்து ரையைக் கட்டிக்கொண்டுதான் பஸ்ரியன் மகளின் கச்சேரிக்கு வந்திருந்தார்.

மேடையில் வாசிப்பவர்கள்தான் கறுப்பு உடுப்பார்கள், கேட்க வருகிறவர்களுக்கு என்ன வந்தது என்று மனைவி அன்ரனெற் வீட்டிலேயே கேட்டாள். மெரூன் ரையை எடுத்துக் கட்டிலில் வைத்தும் பார்த்தாள். அது இப்போதும் கட்டிலில்தான் கிடக்கும்.

சவரமும் செய்யவில்லை. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் வசந்தகால அலர்ஜியாம். கனடாவுக்கு வந்த நாளில் இருந்து இல்லாத அலர்ஜி.

வீடு இருக்கிற மோர்னிங்சைட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மண்டபத்துக்கு வழி தவறிப் போனதும் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். இந்த மனிசனைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதே தன் விதி என்று நினைத்தபடி அவள் கதிரையில் சரிந்தாள்.

மகள் செரீனா இந்த வட்டாரச் சிம்பொனியில் வயலின் வாசிக்கிறாள். இன்று சீசனின் கடைசிக் கச்சேரி. முதன்முதலாக அவளுக்குத் தனியே வாசிக்க ஒரு சின்ன இடம் கொடுத்திருந்தார்கள். அதற்காக அவள் பழகிய பழக்கத்தில் வீட்டில் ஒருவருக்கும் காது மிஞ்சவில்லை.

தாய் தகப்பனால் அவளுக்குச் சீசன் முழுக்க மானம் போயிருந்தது.

இலையுதிர்காலக் கச்சேரியில் ஒரு பகுதி முடிந்து எல்லாரும் மூச்சுவிடாமல் இருக்க, பஸ்ரியன் மட்டும் கைதட்டினார். டிசம்பரில் நத்தார்க் கச்சேரியில் ரொபி மிட்டாய்த் தாளைச் சரசரவென்று பிரித்தார். பெப்ரவரியில் அன்ரனெற்றின் முறை. மெல்லிய இசை போய்க்கொண்டிருக்கும்போது அவளுடைய கைப்பைக்குள் ஃபோன் அலறியது.

அது அவளுடைய தம்பி சூசைதாசன். வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தவன். அவன் குரலுக்காக எத்தனை நாள் காத்திருந்தாள். ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். செரீனா ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே இம்முறை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஃபோனை நிற்பாட்ட வேண்டும். நடுவில் கைதட்டக் கூடாது. முடியும்வரை ஒரு சத்தமும் வரக்கூடாது, இருமல்கூட.

ஃபோன் விஷயத்தில் மட்டும் அன்ரனெற்றுக்கு உடன்பாடில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது இந்தக் கிழமைதான். ஆட்கள் முகாம்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தம்பியும் வந்திருப்பான். அவன் எமகாதகன், யாரையாவது பிடித்து ஒரு ஃபோன் வாங்கி எடுப்பான். சத்தம் வராமல் மடியில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள்.

பஸ்ரியன் அதை அவள் கையில் இருந்து வாங்கினார். நிற்பாட்டித் தன் சட்டைப்பைக்குள் போட்டார்.

“அவன் இண்டைக்கு எடுக்கமாட்டான்.”

ஏதோ ஃபோன் கொம்பனியே இவருடையது மாதிரி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமையில் இருந்து இதே கூத்துத்தான். வீட்டு ஃபோன் அடித்தால் பாய்ந்து போய் எடுக்கிறார், எடுத்துக்கொண்டு கீழே பேஸ்மென்ருக்கு இறங்கிவிடுகிறார். நேற்றுப் பங்குச் சாமியாரோடு காருக்குள் இருந்து அவ்வளவு நேரம் என்ன கதை என்று கேட்டால், பழைய மாணவர் சங்க விஷயமாம்.

அந்தச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அது வேறு தலையிடி. நம்மவர்களின் எந்தக் கூட்டமும், இராப்போசன விருந்தானாலும் சரி, செத்துப்போனவர்களுக்காக எல்லாரும் எழும்பி மௌனமாக நின்ற பிறகுதான் தொடங்கும். மைக்கைப் பிடித்து எழும்பச் சொல்வது இவருடைய வேலை. பிறகு விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடியப் பசியே கெட்டுவிடும்.

வெள்ளைக்காரரிடம் அந்த இழுவை இல்லை. அது ஒன்றாவது நிம்மதி.

மண்டபத்து விளக்குகள் மங்கின. சுருதி சேர்த்து முடித்தார்கள். இசையை நடத்துகிற பெண் வந்து தலை வணங்கினாள், கைதட்டல் அடங்கியதும் திரும்பி நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

மண்டபம் முழுவதும் மௌனமானது.

பஸ்ரியன் எழும்பி நின்றார்.

தலையைக் குனிந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, கூட்டங்களில் நிற்பதுபோலவே நின்றார். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். மேடையில் செரீனா தகப்பனைப் பார்த்துவிட்டாள்.

அன்ரனெற்றுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“இருங்கோப்பா. இஞ்ச ஆர் செத்தது?”

எரிச்சலில் கேட்டதுதான். பதிலுக்காகக் கேட்டதில்லை.

பஸ்ரியன் குனிந்து அவளைப் பார்த்தார். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக அவருடைய கை, அவளுடைய ஃபோன் இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

கறுப்பு ரை அவள் முகத்துக்கு நேரே தொங்கியது.

புதன்கிழமையில் இருந்து, பிள்ளையின் கச்சேரி முடியட்டும் என்று, இந்த மனிசன் செய்தியைத் தனியாக வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பி, தம்பி என்று நெஞ்சு அடித்தது.

பஸ்ரியன் மெல்லக் கதிரையில் இருந்தார். மேடையில் உயர்ந்திருந்த கைகள் இறங்கின. வயலின்கள் தொடங்கின, அவற்றில் ஒன்று அவளுடைய பிள்ளையின் வயலின்.

முடியும்வரை ஒரு சத்தமும் வரக்கூடாது.

அன்ரனெற் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு, பிள்ளை தனியே வாசிக்கிற இடம் வரட்டும் என்று இருந்தாள்.